"மறந்து போச்சுங் டீச்சர்": பரீட்சைக்கு முந்தைய பத்து நாட்கள்

பிப்ரவரி கடைசி ஆகிவிட்டால் என் வீட்டுத் திண்ணையில் ஒரே பாட்டுத்தான். "டீச்சர், எல்லாம் மறந்து போச்சுங்." போன வாரம் என் பலகையில் கடகடவென்று கணக்குப் போட்ட பிள்ளைதான் இப்படிச் சொல்லும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வருடமாக டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாட்டைப் பாடாத பிள்ளை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடும், அவ்வளவுதான்.

வாழ்க்கையில் முதல் முறையாகப் பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளுக்கும், வீட்டில் இதுவரை யாரும் எழுதியிராத குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது கேரளப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வான எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழ் வழியில் எழுதும் சித்தூர் தாலுகாப் பிள்ளைகளையும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்து வருகிறவர்களையும். வேறு பரீட்சை எழுதுகிறவர்கள் நேரக் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "தைரியமா இரு கண்ணு" என்று சொல்வதால் யாருக்கும் தைரியம் வந்துவிடாது. சொன்னவருக்கு மனசு ஆறும், கேட்டவருக்குப் பயம் அப்படியே இருக்கும். நான் பார்த்தவரை தைரியம் கை வழியாகத்தான் வருகிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் தானாகவே ஒரு விடையை எழுதி முடித்து, அதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு வருகிற தைரியம் வேறு மாதிரி. மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம்.

பத்து நாள் இருக்கும்போது: கணக்கெடுப்பு

ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தின் எல்லா அலகுகளின் பெயரையும் வரிசையாக எழுதுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு அலகுக்கும் பத்து நிமிடம் வைத்து, நினைவில் இருப்பதை எல்லாம் ஒரு தாளில் கொட்டுங்கள். கையெழுத்து கோணலாக இருக்கட்டும், வாக்கியம் அரைகுறையாக இருக்கட்டும், பரவாயில்லை. பத்து நிமிடம் ஆனதும் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் அலகின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். ஓரளவு முழுதாக வந்திருந்தால் டிக். தலை ஞாபகம் இருந்து வால் மறந்திருந்தால் பாதி. ஒன்றுமே வரவில்லையென்றால் பெருக்கல் குறி.

இதைச் செய்யச் சொன்னால் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். "இன்னொரு தடவை படிச்சுட்டு எழுதுறேன் டீச்சர்" என்பார்கள். அந்த இன்னொரு தடவையில்தான் ஏமாற்றம் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் ஒரே பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். எனக்குப் பிடித்த விஷயம் இதற்குப் பிறகு வருகிறது. "ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது திரும்பத் திரும்பப் படித்த கூட்டம்!

ஆகவே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது வருகிற நம்பிக்கையை நம்பாதீர்கள். அது தேர்வு அறை வாசல் வரைக்கும்தான் கூட வரும்.

குறி போட்டாயிற்று. இனி எதில் கை வைப்பது? பெருக்கல் குறி போட்டவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றிய காலம் உண்டு. இப்போது பிள்ளைகளிடம் பாதிக் குறியில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். பாதி தெரிந்த ஓர் அலகை முழுதாக்க அரை மணியோ ஒரு மணியோ போதும். ஒன்றுமே தெரியாத அலகு இரண்டு நாளைத் தின்றுவிடும், அதோடு "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற எண்ணத்தையும் ஊட்டிவிட்டுப் போகும். ஒரு நாளைக்கு மூன்று பாதிகளை டிக் ஆக்குங்கள். நான்காம் நாள் அந்த நோட்டைத் திறந்து பார்த்தால் முகம் தானாகத் தெளியும். பெருக்கல் குறிகளில் சின்னதாக, எளிதாக இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை விட்டுவிடுங்கள். வினாத்தாளில் சில இடங்களில் இதையோ அதையோ எழுதலாம் என்று விருப்பம் கொடுத்திருப்பார்கள், அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு தொல்லைகள்

முதல் தொல்லை, மூன்று வகைப் பாடம். கையில் கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ்ப் புத்தகம் இருக்கும். டியூஷன் சார் மலையாளத்தில் நடத்துவார். யூடியூபில் பார்க்கும் பாடமும் பெரும்பாலும் மலையாளம். பொள்ளாச்சிக்குப் போன மாமா பாசத்தோடு ஒரு தமிழ்நாட்டு கைடு வாங்கி வந்திருப்பார். இந்த மூன்றும் தலைக்குள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். டியூஷனில் "பிரதிரோதம்" என்று கேட்டது தாளில் மின்தடை என்று வர வேண்டும். "பிரகாச சம்ஸ்லேஷணம்" ஒளிச்சேர்க்கையாக வேண்டும். தேர்வு அறையில் சொல் கிடைக்காமல் ஒரு நிமிடம் திகைத்தால், பாடமே மறந்துவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. மறந்தது பாடம் இல்லை, பெயர்தான்.

இதற்கு ஒரே மருந்து: நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசை போட்டு, இடப்பக்கம் மலையாளச் சொல், வலப்பக்கம் உங்கள் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் சொல் என்று எழுதுங்கள். ஒரு பாடத்துக்கு இருபது முப்பது சொல் தேறும். தினமும் ஒரு முறை வலப்பக்கத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பொள்ளாச்சி கைடை பரண்மேல் வையுங்கள். நான் பத்தாவது எழுதிய வருடம் கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு அப்படி ஒரு கைடைத் திறந்தேன். பாதிக் கணக்கு நான் பார்த்தே இராதவை. வேறு மாநிலப் பாடத்திட்டம், பார்த்திருக்கவே முடியாது என்று அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. இரவு மூன்று மணி வரை அழுதுகொண்டே போட்டுப் பார்த்தேன். மறுநாள் தேர்வு அறையில், நூறு தடவை போட்ட வட்டக் கணக்கில் கை நடுங்கியது. பள்ளிக்கூடத்தையும் கைடையும் குற்றம் சொல்லி என்ன பயன், திறந்தது என் கை.

மலையாளத்தில் "அவசரம்" என்றால் வாய்ப்பு என்று பொருள். நமக்கு அது அவசரம்தான். கடைசி நாட்களில் புதிதாக எதையாவது யாராவது கையில் கொடுத்தால், அது இரண்டில் எது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். "ஷுவர் கொஸ்டின்" வீடியோ, வாட்ஸ்அப்பில் வரும் முக்கியமான பத்து கேள்வி, "வினாத்தாள் வெளியாகிவிட்டது" என்ற வதந்தி எல்லாம் இதில் சேர்த்தி. பரீட்சை முடியும் வரை வகுப்பு குரூப்பை மியூட் செய்துவிடுவது நல்லது. டைம்டேபிள் மாற்றம் ஏதாவது இருந்தால் பள்ளியில் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தொல்லை, திருவிழா. மலையாள மாதங்களான கும்பமும் மீனமும் (நம் மாசி, பங்குனி) இந்தப் பக்கத்தில் கோயில் மாதங்கள். சித்தூரில் கொங்கன்படை, ஊருக்கு ஊர் மாரியம்மன் பொங்கல், அப்புறம் ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறை வல்லங்கியில் "வேலை" என்கிற கோயில் விழா. செண்டையும் வெடியும் ஒலிபெருக்கியும் எஸ்.எஸ்.எல்.சி.யைப் பார்த்து வருவதில்லை. பந்தல்காரரோடு சண்டை போட்டுப் பார்த்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அன்றைக்குப் படிப்பும் போனது, உறவும் போனது. விழா நாட்களில் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் போய் யானையைப் பார்த்துவிட்டு வந்து, சத்தம் அடங்கியதும் படுத்து, விடியற்காலையில் எழுந்து உட்காருங்கள். ஒரேயடியாகப் போகாமல் வீட்டில் கிடந்து புழுங்குகிற பிள்ளைக்கு அந்த மேளச் சத்தத்தில் ஒரு வரியும் ஏறாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு

"நாங்க படிக்காதவங்க டீச்சர், எப்படி ஒத்தாசை பண்றதுங்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். தோப்பு வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள், விடியுமுன்னே கோயம்புத்தூர் பஸ் பிடிக்கிறவர்கள். நான் சொல்வது இதுதான்: ராத்திரி பாத்திரம் கழுவும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. புத்தகம் தெரியாத ஒருவருக்குச் சொல்லிப் புரிய வைக்க முயன்ற பாடம் பிள்ளையின் மனதில் நின்றுவிடும். எங்கே தடுமாறுகிறது என்பது உங்களுக்கே கேட்கும். அந்த இடத்தில் மட்டும் "இதை மறுபடி பார்த்துக்கோ" என்றால் போதும். படித்த அப்பாக்கள் இந்த வேலையைச் செய்தால் நடுவில் புகுந்து திருத்த ஆரம்பித்துவிடுகிறார்கள், படிக்காத அம்மாக்கள்தான் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை ஏ பிளஸ் வரும்?" தொண்ணூறு சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால் ஏ பிளஸ். எல்லாப் பாடத்திலும் வாங்கினால் முழு ஏ பிளஸ், முக்குக்கு முக்கு ஃப்ளெக்ஸ் பேனர், எம்.எல்.ஏ. கையால் மெமெண்டோ. அந்த பேனரில் இல்லாத பிள்ளைகள்தான் ஊரில் அதிகம், அவர்களும் பிளஸ் ஒன் படிக்கத்தான் போகிறார்கள். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பேனரை நினைவூட்டுவதால் ஒரு மார்க்கும் கூடாது.

கடைசி மூன்று நாள்

இந்த நாட்களில் புதிது எதுவும் வேண்டாம். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மணி பார்த்து, ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதுங்கள். 80 மதிப்பெண் தாளுக்கு இரண்டரை மணி நேரம், 40 மதிப்பெண் தாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதாவது 80 மார்க் தாளில் ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. நான்கு மார்க் கேள்விக்கு ஏழரை நிமிடம். இதைக் கை பழகிக்கொண்டால் தேர்வு அறையில் கடிகாரம் பயமுறுத்தாது.

தூக்கத்தைத் தொடாதீர்கள். பகலில் படித்ததை மூளை நன்றாகப் பதிய வைக்கத் தூக்கம் வேண்டும். ராத்திரி முழுக்க விழித்துப் படிப்பது, நெல்லை அறுத்துக் களத்திலேயே போட்டுவிட்டு மறுபடி அறுக்கப் போவது மாதிரி. ஏழு எட்டு மணி நேரம் வேண்டும். விடியற்காலைப் பழக்கம் உள்ளவர்கள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுங்கள்.

மார்ச் மாதப் பாலக்காட்டு வெயில் தனிக் கணக்கு. மத்தியானம் தகரக் கூரையின் கீழே உட்கார்ந்து தலைவலி வந்தால் அதைப் பயம் என்று எண்ணிக்கொள்வார்கள். பல நேரம் அது வெறும் தாகம். மோர், நுங்கு, கஞ்சித் தண்ணீர், எது கிடைக்கிறதோ அது. பரோட்டாவும் பீஃப் ஃப்ரையும் கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு.

முந்தின நாள்

சாயங்காலம் ஆறு மணிக்குள் பையை எடுத்து வையுங்கள். ஹால் டிக்கெட், ஒரே மையில் இரண்டு மூன்று பேனா, பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ், கைக்கடிகாரம், லேபிள் உரித்த தண்ணீர் பாட்டில். வேறொரு பள்ளியில் தேர்வு அறை என்றால் ஒரு நாள் முன்பே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எஸ்டேட் பிள்ளைகள் ஜீப்புக்கு இப்போதே சொல்லி வையுங்கள். விடியற்காலை ரோட்டில் யானை நின்றால் அது நகரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும், அந்த அரை மணியையும் சேர்த்துக் கிளம்புங்கள்.

படிப்பில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த டிக் நோட்டைத் திறந்து, டிக் போட்ட பக்கங்களை மட்டும் பார்ப்பது. பெருக்கல் குறியைப் பார்க்காதீர்கள். எட்டு மணிக்கு மூடிவிடுங்கள்.

மனசு அப்போதும் படபடத்தால் ஒரு தாளை எடுத்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பத்து நிமிடம் எழுதுங்கள். "கணக்கில் போய்விட்டால் அப்பா என்ன சொல்வார்" என்று இருந்தால் அதையே எழுதுங்கள். தேர்வுக்குச் சற்று முன் இப்படி எழுதிய, பதற்றம் அதிகமுள்ள மாணவர்கள் மேலாகச் செய்தார்கள் என்று 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. என் திண்ணையில் பாதிப் பேருக்குப் பலித்திருக்கிறது. எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். போடும்போது சில பிள்ளைகள் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்காகவே செய்யச் சொல்லலாம்.

அழுகை நிற்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "இருந்தே பிரயோஜனம் இல்லை" என்பது போலப் பேச்சு வருகிறது என்றால் அது படிப்பு விஷயம் இல்லை. தனியாக விடாதீர்கள். உடனே கூப்பிடுங்கள்: கேரள அரசின் திசா உதவி எண் 1056, நாடு முழுவதற்குமான டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம். பணம் எதுவும் இல்லை.

அன்று காலை

சமீப வருடங்களில் எஸ்.எஸ்.எல்.சி. காலை 9.30-க்குத் தொடங்கியிருக்கிறது. உங்கள் டைம்டேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இட்லியோ கஞ்சியோ பழகிய சாப்பாடு. பள்ளி வாசலில் புத்தகத்தைத் திறந்துகொண்டு "இதைப் படிச்சியா, அதைப் படிச்சியா" என்று சுற்றுகிற கூட்டத்தில் இருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள்.

உள்ளே போனதும் கேரளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: முதல் பதினைந்து நிமிடம் கூல் ஆஃப் டைம். தமிழ்நாட்டிலும் வினாத்தாளைப் படித்துப் பார்க்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் விடை எழுத முடியாது, வாசிக்கத்தான் முடியும். நிறையப் பேர் அதை வியர்வை துடைப்பதில் செலவழித்துவிடுகிறார்கள். இப்படிச் செய்யுங்கள். முதலில் தாளை முதலில் இருந்து கடைசி வரை ஒரு முறை நிறுத்தாமல் வாசியுங்கள். தெரியாத கேள்வி வந்தால் அங்கே நிற்காதீர்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது, எந்தெந்தப் பகுதியில் எத்தனை எழுத வேண்டும், எதை விடலாம் என்று பாருங்கள். மூன்றாவதாக, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்கிற மாதிரி ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். மணி அடித்ததும் முதலில் அதைத்தான் எழுதப் போகிறீர்கள்.

இவ்வளவு செய்தும் மூளை வெறுமையாகிவிடலாம். பயப்படும்போது உடலில் சுரக்கும் ஹார்மோன்கள், இருக்கிற நினைவை வெளியே எடுப்பதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். நினைவு அழிந்து போகவில்லை, கதவு இறுகியிருக்கிறது. பேனாவைக் கீழே வையுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்தாறு முறை போதும். பிறகு அந்தக் கேள்வி சம்பந்தமாக எது ஞாபகம் வருகிறதோ, ஒரு சூத்திரமோ ஒரு படமோ ஒரு பெயரோ, அதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். ஒன்று வந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். வரவில்லையா, இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

வெளியே வந்த பிறகு

பஸ் ஸ்டாண்டில் விடை ஒப்பிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. சரி, அடுத்த பரீட்சைக்கு இடையில் ஒரு நாளாவது இடைவெளி இருந்தால் ஒப்பிட்டுத் தொலையுங்கள். மறுநாளே பரீட்சை என்றால் மட்டுமாவது வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து அடுத்த பாடத்தின் டிக் பக்கத்தைத் திறக்கலாம்.

ஏதாவது ஒரு பாடம் நிஜமாகவே கைவிட்டுப் போனாலும் ஒரு வருடம் வீணாகிவிடாது. சே பரீட்சை என்று மறுதேர்வு அதே வருடத்தில் நடக்கிறது. இதைப் பரீட்சைக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. "அப்படிச் சொன்னா படிக்காம விட்டுடுவான்" என்று சிலர் பயப்படுகிறார்கள். கீழே வலை இருப்பது தெரிந்த பிள்ளைக்குத்தான் கயிற்றின் மேல் கால் நடுங்காது, நான் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஒருவர் சட்டையில் ஒருவர் மை அடித்துக்கொண்டு ஆடுவீர்கள், தெரியும். ஆடுங்கள். அதற்கு முன் ஹால் டிக்கெட்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், அரிசி டப்பாவுக்கு அடியில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். ரிசல்ட் பார்க்க அந்த ரெஜிஸ்டர் நம்பர் வேண்டும். மே மாதத்தில் அதைத் தேடி வீட்டையே கவிழ்த்துப் போட்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு.